ஸ்டியரிங்கை விடாமல் போன் பேச: காரின் குரல் வசதியைப் பழகும் முறை

ஸ்டியரிங்கில் கட்டைவிரல் படுகிற இடத்தில் ஒரு பொத்தான் இருக்கும். ஒரு முகமும், அதன் வாயிலிருந்து இரண்டு மூன்று வளைகோடுகள் கிளம்புவதும் அதில் வரைந்திருக்கும். சில கார்களில் முகத்துக்குப் பதிலாக மைக் படம். கார் வாங்கிய முதல் வாரத்தில் ஆசையாக அதை அமுக்கி, "கால் செந்தில்" என்று சொல்லியிருப்பீர்கள். அது வேறு யாரையோ அழைத்திருக்கும், அல்லது "மன்னிக்கவும், புரியவில்லை" என்று ஆங்கிலத்தில் சொல்லியிருக்கும். அதோடு அந்தப் பொத்தானை மறந்துவிட்டு, சிக்னலில் போனைக் கையில் எடுக்கும் பழக்கத்துக்குத் திரும்பியவர்கள் நிறையப் பேர்.

அந்தப் பொத்தான் நன்றாகவே வேலை செய்யும். ஆனால் அது வேலை செய்வதும் செய்யாததும் சாலையில் முடிவாவதில்லை. வீட்டு வாசலில் கார் நிற்கும்போது, போனில் என்னென்ன சரி செய்து வைக்கிறோம் என்பதில்தான் முக்கால்வாசி அடங்கியிருக்கிறது. அதற்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். இந்தக் கட்டுரையின் பெரும்பகுதி அந்த ஒரு மணி நேரத்தைப் பற்றியது.

முதலில் சட்டம், சுருக்கமாக. 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 184ஆவது பிரிவு, ஓட்டும்போது கையில் பிடிக்கும் தொலைபேசியைப் பயன்படுத்துவதை ஆபத்தான ஓட்டுதல் என்று பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. முதல் முறை 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை, அல்லது இரண்டும். 2020 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த விதித் திருத்தம், கவனம் சிதறாத வகையில் வழி பார்க்க மட்டும் போனைப் பயன்படுத்த இடம் கொடுத்தது. போனைக் கையில் எடுக்காமல் பேசுகிறோம் என்பதாலேயே பொறுப்பு நீங்கிவிடாது. மற்றவர்களுக்கு ஆபத்தாக ஓட்டினால், காரணம் எதுவானாலும் அதே பிரிவு பாயும்.

உங்கள் காரில் பேசுவது யார்?

ஒரே பொத்தானுக்குப் பின்னால் மூன்று பேரில் ஒருவர் இருக்கலாம். யார் என்று தெரியாமல் பேசுவதுதான் முதல் குழப்பம்.

ஒன்று, காரின் சொந்தக் குரல். போனிலிருந்து பெயர்ப் பட்டியலை இறக்கி வைத்துக்கொண்டு, இணையம் இல்லாமலே வேலை செய்யும். அதற்குத் தெரிந்த கட்டளைகள் கொஞ்சம்தான். அந்த வாசகங்களை அப்படியே சொல்ல வேண்டும். இரண்டு, போனில் இருக்கும் உதவியாளர், அதாவது ஐபோனில் சிரி, ஆண்ட்ராய்டில் கூகுளின் குரல். சாதாரண புளூடூத் இணைப்பிலேயே இவர்களைக் கூப்பிடலாம். மூன்று, ஆண்ட்ராய்டு ஆட்டோ (ஆண்ட்ராய்டு போனுக்கு) அல்லது கார்பிளே (ஐபோனுக்கு). போனின் உதவியாளரே இங்கும் பேசுவார், ஆனால் காரின் திரையையும் கையில் எடுத்துக்கொள்வார்.

கண்டுபிடிப்பது எளிது. பொத்தானை ஒருமுறை சட்டென்று அமுக்குங்கள். திரையில் கட்டளைப் பட்டியல் விரிந்து, "ப்ளீஸ் சே எ கமாண்ட்" என்பதுபோல ஒரு குரல் கேட்டால் அது காரின் சொந்தக் குரல். பிறகு அதே பொத்தானை இரண்டு விநாடி அழுத்திப் பிடியுங்கள். பல கார்களில் அப்போது போனின் உதவியாளர் வருவார். முகப் படம் உள்ள பொத்தானே இல்லாத கார்களில், பச்சை போன் பொத்தானை அழுத்திப் பிடித்துப் பாருங்கள். எந்த அழுத்தலுக்கு யார் வருகிறார் என்று தெரிந்துகொண்ட பிறகு, ஒருவரைத் தேர்ந்தெடுத்து அவரிடமே பழகுங்கள். தமிழ்ப் பெயர்களைப் பொறுத்தவரை, காரின் சொந்தக் குரலைவிடப் போனின் உதவியாளர் பல மடங்கு மேல். ஆனால் அவருக்குப் பெரும்பாலும் இணையம் வேண்டும். மலைப்பாதையில் சிக்னல் விட்டுப்போனால் அவர் தடுமாறுவார், காரின் குரல் தடுமாறாது.

பேரிங் (போனையும் காரையும் புளூடூத்தில் இணைப்பது): அவசரத்தில் விட்டுப்போகும் ஒரு டிக்

காரை நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டுவிட்டுச் செய்யுங்கள். வண்டி ஓடும்போது பல கார்கள் புதிய போனைச் சேர்க்க விடாது. இன்ஜினை அணைத்துவிட்டு, சாவியை ஆக்சஸரி நிலையில் மட்டும் வைத்துச் செய்வதானால் நேரம் பாருங்கள். நெடுநேரம் அப்படியே விட்டால் பேட்டரி இறங்கிவிடும்.

பழைய முயற்சிகள் பாதியில் நின்றிருந்தால் இரண்டு பக்கமும் அழித்துவிட்டுத் தொடங்குங்கள். காரின் பட்டியலில் உங்கள் போனை டெலீட் செய்யுங்கள். போனின் புளூடூத் பட்டியலில் காரின் பெயரைத் தொட்டு "ஃபர்கெட்" கொடுங்கள். ஒரு பக்கம் மட்டும் அழித்தால், மறுபக்கம் பழைய ரகசிய எண்ணை வைத்துக்கொண்டு மல்லுக்கட்டும். "இணைக்க முடியவில்லை" என்று திரும்பத் திரும்ப வருவதற்கு இதுதான் பெரும்பாலும் காரணம்.

பிறகு காரின் திரையில் போன் அல்லது புளூடூத் பகுதிக்குப் போய் "ஆட் டிவைஸ்" கொடுங்கள். போனில் புளூடூத் பக்கத்தைத் திறந்து வையுங்கள். அந்தப் பக்கம் திறந்திருக்கும்போதுதான் பல போன்கள் மற்ற கருவிகளின் கண்ணுக்குத் தெரியும். காரின் பெயரைத் தொட்டதும் இரண்டு திரையிலும் ஒரே ஆறு இலக்க எண் வரும். ஒத்திருந்தால் இரண்டிலும் சரி சொல்லுங்கள். பழைய செட்டுகள் எண் கேட்டால் 0000 அல்லது 1234 போட்டுப் பாருங்கள்.

இங்கேதான் கவனம். ஆண்ட்ராய்டு போனில் "பேர்" (இணை) என்ற பொத்தானுக்கு மேலே, கான்டாக்ட்டையும் கால் ஹிஸ்டரியையும் காருக்குக் கொடுக்கலாமா என்று ஒரு சிறிய கட்டம் இருக்கும். அதை டிக் செய்யாமல் அவசரமாக "பேர்" கொடுத்தால் பாட்டு கேட்கும், அழைப்பு வரும், ஆனால் காரிடம் ஒரு பெயர்கூட இருக்காது. பெயரே தெரியாத காரிடம் பெயர் சொல்லிப் பயனில்லை. விட்டுப்போயிருந்தால், புளூடூத் பட்டியலில் காரின் பெயர் அருகே உள்ள சக்கரப் படத்தைத் தொட்டு, அழைப்பு, மீடியா ஒலி, கான்டாக்ட் பகிர்வு மூன்றையும் ஆன் செய்யுங்கள். ஐபோனில் அதே இடத்தில் நீல நிற "ஐ" எழுத்தைத் தொட்டால் "சிங்க் கான்டாக்ட்ஸ்" இருக்கும்.

இணைந்ததும் காரின் திரையில் பெயர்ப் பட்டியலைத் திறந்து பாருங்கள். பெயர்கள் வந்து சேர ஓரிரு நிமிடம் ஆகலாம். வந்தால்தான் பேரிங் முடிந்தது என்று அர்த்தம்.

இரண்டு சிம் போட்ட போன்

நம் ஊரில் மிகப் பரவலான, ஆனால் காரின் கையேட்டில் இருக்காத சிக்கல் இது. போனில் இரண்டு சிம். எதிலிருந்து அழைப்பது என்று "ஒவ்வொரு முறையும் கேள்" என வைத்திருப்பீர்கள். காரில் குரலில் சொன்னதும் கார் போனிடம் "இந்த எண்ணை அழை" என்கிறது. போன் உடனே தன் திரையில் "சிம் 1ஆ, சிம் 2ஆ" என்று கேட்டுவிட்டுக் காத்திருக்கிறது. போன் உங்கள் சட்டைப் பையில். காரில் "காலிங்" என்று ஓடிக்கொண்டே இருக்கும், மணி போகாது. கார் பழுது என்று சர்வீஸ் சென்டருக்கு ஓட வேண்டாம். போனின் சிம் செட்டிங்ஸில் அழைப்புக்கு என்று ஒரு சிம்மை நிரந்தரமாகத் தேர்ந்தெடுங்கள். குறிப்பிட்ட ஒருவரை மட்டும் மற்ற சிம்மில் அழைக்க வேண்டுமானால், சில போன்களில் அந்தக் கான்டாக்ட்டுக்கு மட்டும் தனி சிம் குறித்து வைக்கலாம்.

இதே கையோடு, போன் பூட்டியிருக்கும்போதும் உதவியாளர் பதில் சொல்ல அனுமதி கொடுங்கள். ஐபோனில் சிரி செட்டிங்ஸில் பூட்டிய நிலைக்கான அனுமதி. ஆண்ட்ராய்டில் உதவியாளரின் லாக் ஸ்க்ரீன் செட்டிங். இது இல்லாவிட்டால், "முதலில் போனைத் திறங்கள்" என்ற பதில்தான் வரும். மொழியை "இங்கிலீஷ் இந்தியா" என்று வையுங்கள். அமெரிக்க ஆங்கிலத்தில் விட்டுவைத்தால் நம் பெயர்களும் நம் உச்சரிப்பும் அதற்கு அந்நியம். காரின் சொந்தக் குரலுக்கும் மொழித் தேர்வு தனியாக இருக்கும். இந்திய ஆங்கிலம் இருந்தால் அதை எடுங்கள்.

பெயர்களைத் திருத்துவது: இதுதான் உண்மையான வேலை

கார் உங்கள் பேச்சை எப்படிப் புரிந்துகொள்கிறது என்று தெரிந்தால் பாதி எரிச்சல் குறையும். பட்டியலில் உள்ள ஒவ்வொரு பெயரையும் அது ஆங்கில எழுத்துக்கூட்டல்படி ஒலியாக மாற்றி வைத்துக்கொள்கிறது. நீங்கள் பேசியதும், அந்த ஒலிகளில் எது மிக நெருக்கம் என்று ஒப்பிடுகிறது. தமிழே தெரியாத, ஆங்கிலம் மட்டும் தெரிந்த ஒருவர் உங்கள் கான்டாக்ட் பட்டியலை உரக்கப் படித்தால் எப்படி இருக்கும்? அதுதான் காரின் காதில் இருக்கும் பெயர். நீங்கள் சொல்லும் பெயரும் அந்த ஒலியும் எவ்வளவு விலகுகிறதோ அவ்வளவு தவறு நடக்கும்.

ழகரம் முதல் பலி. கனிமொழி, எழில், பழனி, தமிழ்ச்செல்வி இவற்றில் ழகரத்துக்கு இசட், எச் என்று இரண்டு எழுத்து போட்டு எழுதுகிறோம். கார் அதை "கனிமோஸி", "எஸில்" என்று வாசிக்கும். நீங்கள் அழகாக "எழில்" என்று சொன்னால் அது தேடிக்கொண்டே இருக்கும். இசட்-எச் இருக்கும் இடத்தில் எல் போட்டுச் சேமியுங்கள். கண்ணுக்கு உறுத்தினாலும் காதுக்குப் பொருந்தும்.

அடுத்தது, அம்மா, அப்பா, அண்ணா, அக்கா. நான்குமே இரண்டு அசை, நான்குமே அகரத்தில் தொடங்குகின்றன, நடுவில் இரட்டை மெய், முடிவு ஆகாரம். ஓடும் காரின் இரைச்சலில் இந்த நான்கையும் பிரித்தறிவது இயந்திரத்துக்குக் கடினம். அம்மாவைக் கூப்பிட்டால் அண்ணா எடுப்பதற்குக் காரணம் இதுதான். பெயரை நீளமாக்குங்கள்: "அம்மா மதுரை", "அண்ணா செல்வம்", "அக்கா திருச்சி". பொதுவாகவே ஓரசை ஈரசைப் பெயர்கள் ஆபத்து. மணி, ரவி, கவி என்று மொட்டையாக இருப்பவற்றுக்கெல்லாம் இரண்டாவது சொல் ஒன்று வேண்டும்.

அந்த இரண்டாவது சொல் ஊராக இருக்கலாம், தொழிலாக இருக்கலாம். தொழிலை முன்னால் போடுவது எல்லாவற்றிலும் சிறந்தது: "பிளம்பர் மணி", "டாக்டர் ரவி", "ஸ்கூல் வேன் குமார்". முதலில் வரும் ஆங்கிலச் சொல்லை இயந்திரம் தவறாமல் பிடித்துக்கொள்ளும். பின்னால் வரும் தமிழ்ப் பெயரில் கொஞ்சம் பிசகினாலும் சரியான ஆளிடம் போய்ச் சேரும். ஒரே முருகன் என்ற பெயரில் நான்கு பேர் இருப்பதற்கும் தீர்வு இதுவே. இனிஷியலை நம்ப வேண்டாம். எஸ் முருகனும் எம் முருகனும் காரில் ஒன்றுதான்.

இன்னும் சில திருத்தங்கள். பெயரில் இதயப் படம், நட்சத்திரம், அடைப்புக்குறி இருந்தால் எடுத்துவிடுங்கள். தமிழ் எழுத்தில் சேமித்த பெயர்களைச் சில கார்கள் வெற்றுக் கட்டங்களாகக் காட்டும். காரின் சொந்தக் குரலுக்கு அவை இல்லாத பெயர்களே. எல்லாவற்றையும் ஆங்கில எழுத்துக்கு மாற்றத் தேவையில்லை. ஓட்டும்போது நீங்கள் உண்மையில் அழைப்பவர்கள் இருபது பேர் இருப்பார்கள். அவர்களை மட்டும் மாற்றினால் போதும். கூகுள் கான்டாக்ட்ஸில் இருக்கும் ஒன்றிணைக்கும் வசதியைப் பயன்படுத்தி இரட்டைப் பதிவுகளை நீக்குங்கள். ஒரே ஆள் மூன்று முறை இருந்தால், கார் ஒவ்வொரு முறையும் "எந்த செந்தில்?" என்று கேட்கும். சிம்மிலேயே சேமித்த பழைய எண்களைப் போனுக்கோ கூகுள் கணக்குக்கோ நகர்த்துங்கள். சில கார்களுக்கு அவை போய்ச் சேருவதில்லை.

எண்களை +91 சேர்த்து எழுதுங்கள். அழைப்பு வரும்போது, தன்னிடம் உள்ள பட்டியலில் அந்த எண்ணைத் தேடித்தான் கார் பெயரைக் காட்டுகிறது. முன்னால் 0 போட்டுச் சேமித்திருந்தால் சில கார்களில் பொருத்தம் தவறி, மனைவியின் அழைப்புகூட வெறும் எண்ணாக வரும். ஒருவருக்கு இரண்டு எண் இருந்தால் மொபைல், ஹோம், ஒர்க் என்று சரியான அடையாளம் கொடுங்கள். "கால் டாக்டர் ரவி மொபைல்" என்று ஒரே மூச்சில் சொல்லலாம்; கார் திருப்பிக் கேட்க வேண்டியிருக்காது.

போனின் உதவியாளரைப் பயன்படுத்துவோருக்கு இன்னொரு வழியும் உண்டு. கான்டாக்ட்டைத் திருத்தும் பக்கத்தில் கூடுதல் கட்டங்களைத் திறந்தால் உச்சரிப்புக்கென்று ஒரு கட்டமும், நிக்நேமுக்கு ஒன்றும் இருக்கும். பெயரை நீங்கள் விரும்பியபடியே விட்டுவிட்டு, உச்சரிப்புக் கட்டத்தில் ஒலிக்கேற்ற எழுத்தைப் போடலாம். காரின் சொந்தக் குரல் பெரும்பாலும் இந்தக் கட்டங்களைப் பார்க்காது.

முடித்ததும் போனைத் துண்டித்து மீண்டும் இணையுங்கள், அல்லது காரில் "அப்டேட் ஃபோன்புக்" கொடுங்கள். அந்த இருபது பேரையும் நின்ற இடத்திலேயே ஒருமுறை சொல்லிப் பாருங்கள். கார் உறுதிப்படுத்தக் கேட்கும்போது "கேன்சல்" சொல்லுங்கள். உறுதி கேட்காமலே அழைத்துவிடும் காராக இருந்தால், வீட்டில் உள்ளவர்களின் எண்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தவறுகிற பெயர்களைக் குறித்துவைத்து மாற்றுங்கள். கார் அந்தப் பெயரைத் தன் வாயால் எப்படிச் சொல்கிறது என்று கேளுங்கள். எழுத்தில் எங்கே பிசகு என்று அந்த உச்சரிப்பே காட்டிக்கொடுக்கும்.

பேசும் முறை

பொத்தானை அமுக்கி, "டிங்" என்ற ஒலி முடியும்வரை பொறுத்து, பிறகு பேசுங்கள். புதியவர்கள் செய்யும் தவறுகளில் முதலிடம் இதற்குத்தான்: ஒலி வருவதற்கு முன்பே தொடங்கிவிடுவார்கள். "கால் செந்தில்" என்பதில் "கால்" காற்றில் போய்விடும், "செந்தில்" மட்டும் காரின் காதில் விழும். கட்டளை இல்லாத வெறும் பெயரை வைத்து அது என்ன செய்யும்? ஒலிக்குப் பிறகும் ஐந்தாறு விநாடி சும்மா இருந்தால், அலுத்துப்போய் மூடிக்கொள்ளும். யாரை அழைப்பது என்று முடிவு செய்த பிறகு அமுக்குங்கள்.

சாதாரண வேகம், சாதாரணக் குரல். கத்தினால் ஒலி பிதுங்கி இன்னும் மோசமாகும். அசை அசையாகப் பிரித்து "செந்... தில்" என்று சொல்வதும் உதவாது. மைக்கை நோக்கித் தலையைத் திருப்ப வேண்டாம், கண் சாலையிலேயே இருக்கட்டும். பக்கத்தில் இருப்பவர்களிடம், இந்த நான்கு விநாடி மட்டும் பேசாமல் இருக்கும்படி சொல்லிவையுங்கள். பின் இருக்கையில் குழந்தைகள் இருந்தால் இது கடினம்தான்.

எண்ணைச் சொல்லி அழைக்க "டயல்" என்று தொடங்கி இலக்கங்களை ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். நம் வழக்கத்தில் "டபுள் நைன்", "டிரிபிள் ஃபோர்" என்போம். பல கார்களுக்கு அது புரியாது. "நைன் நைன்" என்றே சொல்லுங்கள். மூன்று நான்கு இலக்கத்துக்கு ஒருமுறை சற்று நிறுத்தினால், சில கார்கள் அதுவரை கேட்டதைத் திருப்பிச் சொல்லும். தவறினால் "கரெக்ஷன்" அல்லது "கேன்சல்". உண்மையில், பத்து இலக்கத்தைச் சொல்லிச் சரிபார்ப்பது ஓட்டும்போது செய்யத் தக்க வேலையல்ல. ஓரம்கட்டிவிட்டுச் செய்யுங்கள்.

அவசர எண்ணையும் இப்போதே சேமித்துவிடுங்கள். 108ஐ "ஆம்புலன்ஸ்" என்ற பெயரில் வையுங்கள். 112 இந்தியா முழுவதற்குமான பொது அவசர எண். "கால் ஒன் ஒன் டூ" என்று சொல்லலாம். சோதித்துப் பார்ப்பதற்காக இந்த எண்களை அழைக்காதீர்கள். அந்த நேரத்தில் உண்மையான நோயாளியின் அழைப்பு வரிசையில் நிற்கும்.

அழைப்பு நடக்கும்போது

அழைப்பின் ஒலியளவும் பாட்டின் ஒலியளவும் வேறு வேறு. பேச்சு கேட்கவில்லை என்றால், பேசிக்கொண்டிருக்கும்போதே ஸ்டியரிங்கில் கூட்டுங்கள். கார் அதை நினைவில் வைத்துக்கொள்ளும். பாட்டு ஓடும்போது கூட்டினால் பாட்டுதான் அலறும். முதல் அழைப்பை எடுக்கும் முன்பே இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள்: எதிர்முனையில் பேசுவது கார் முழுக்கக் கேட்கும். "காரில் இருக்கிறேன், கூட ஆட்கள் இருக்கிறார்கள்" என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுவது நாகரிகம், சங்கடமும் மிச்சம்.

திரையில் போன் படம் போட்ட ஒரு பொத்தான் இருக்கும். அது பேச்சைக் காரிலிருந்து போனுக்கு மாற்றும். இன்ஜினை அணைத்தால் பேச்சு தானாகவே போனுக்கு வந்துவிடும். ஆனால் இன்ஜின் ஓட, வீட்டார் உள்ளே இருக்க, நீங்கள் மட்டும் டீக்கடையில் இறங்கி நிற்கும்போது அழைப்பு வந்தால் கதை வேறு. புளூடூத் இன்னும் பிடித்திருப்பதால் பேச்சு காருக்குள் ஒலிக்கும், உங்கள் காதில் மௌனம். போனின் அழைப்புத் திரையில் ஒலி எங்கே போக வேண்டும் என்ற தேர்வில் "போன்" என்று மாற்றுங்கள். காதில் புளூடூத் இயர்பட் போட்டபடி ஏறினாலும் இதே குழப்பம்தான். ஏறும்போதே கழற்றிப் பெட்டியில் வையுங்கள்.

வங்கி, கேஸ் ஏஜென்சி போன்ற "ஒன்றை அமுக்கவும், இரண்டை அமுக்கவும்" அழைப்புகளை ஓட்டும்போது தொடங்கவே வேண்டாம். எண் பலகை திரையில் இருக்கிறது, கண் சாலையை விட்டுப் போகும். 60 கிலோமீட்டர் வேகத்தில் இரண்டு விநாடி கண்ணை எடுத்தால் கார் 33 மீட்டர் போயிருக்கும்.

எதிர்முனைக்கு நம் குரல் சரியாகக் கேட்கவில்லை

பெரும்பாலும் ஏசிதான் குற்றவாளி. மைக், பெரும்பாலான கார்களில் முன் கூரையில், உள்விளக்குக்கு அருகே சிறு துளைகளாக இருக்கும். சித்திரை வெயிலில் காரில் ஏறி புளோயரை நான்கில் வைத்திருப்போம். அந்தக் காற்று கண்ணாடியில் மோதி நேராக மைக்கில் இரைகிறது. பொத்தானை அமுக்கும் முன் புளோயரை ஒன்று அல்லது இரண்டுக்கு இறக்குங்கள். காற்று கண்ணாடி மேல் போகும்படி இருந்தால் முகத்துக்கோ காலுக்கோ மாற்றுங்கள். ஜன்னல்களை மூடுங்கள். பேச்சைப் புரிந்துகொள்ளும் திறனிலும் இதே மாற்றம் பெரிய வித்தியாசம் காட்டும்.

எதிர்முனையில் இருப்பவருக்குத் தன் குரலே திரும்பக் கேட்கிறது என்றால், அவர் குரல் உங்கள் ஸ்பீக்கரில் வந்து உங்கள் மைக்கில் ஏறுகிறது. அழைப்பின் ஒலியளவைக் குறையுங்கள். முதல் சில விநாடி மட்டும் எதிரொலி இருந்து பிறகு நின்றால் அது இயல்பு. எதிரொலியை அடக்கும் மென்பொருள் காரின் உள்ளொலியைப் பழகிக்கொள்ள அந்த நேரம் எடுக்கிறது.

கடையில் பொருத்திய டச் ஸ்க்ரீன் செட்டாக இருந்தால் வேறோர் இடத்தைப் பாருங்கள். பல செட்டுகளோடு தனி மைக் ஒன்று, நீண்ட ஒயருடன் வரும். அவசரமாகப் பொருத்துகிறவர்கள் அதைச் செட்டின் பின்புறமே, டேஷ்போர்டுக்குள்ளேயே சுருட்டி விட்டுவிடுவதுண்டு. அப்போது எதிர்முனையில் "கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிறாய்" என்பார்கள். மைக் எங்கே இருக்கிறது என்று பொருத்துபவரிடம் கேட்டு, ஸ்டியரிங் கம்பத்தின் மேலோ, சன்வைசர் அருகிலோ வெளியே எடுத்து வைக்கச் சொல்லுங்கள். முன்கண்ணாடியின் பக்கத் தூணில் பக்கவாட்டு ஏர்பேக் இருக்கும் கார்களில் அதன் மேலாக ஒயர் இழுக்க விடாதீர்கள். செட்டின் செட்டிங்ஸில் உள் மைக்கா வெளி மைக்கா என்ற தேர்வும் இருக்கலாம். மைக்கை இடம் மாற்றியும் குரல் மாறவில்லை என்றால் அதைப் பாருங்கள்.

கேபிளும் ஒயர்லெஸும்

ஆண்ட்ராய்டு ஆட்டோவோ கார்பிளேயோ அடிக்கடி அறுந்துபோனால் முதலில் கேபிளை மாற்றுங்கள். மலிவான சில கேபிள்களில் மின்சாரத்துக்கான கம்பி மட்டுமே இருக்கும். சார்ஜ் ஏறும், தரவு போகாது. ஒரு மீட்டருக்கு மிகாத, தரவும் கடத்தும் கேபிள் வேண்டும். காரிலும் எல்லா யுஎஸ்பி துளையும் ஒன்றல்ல. போன் படமோ யுஎஸ்பி குறியோ உள்ளதில் போடுங்கள், மின்னல் படம் மட்டும் உள்ளது சார்ஜுக்கானது. போனின் துளையில் சட்டைப் பைப் பஞ்சு அடைந்திருந்தால், அணைத்துவிட்டு மரப் பல்குச்சியால் மெதுவாக எடுங்கள், ஊசி வேண்டாம்.

ஆண்ட்ராய்டு ஆட்டோவில் கேபிள் போட்டிருந்தாலும், அழைப்பின் பேச்சு மட்டும் புளூடூத் வழியாகவே போகிறது. திரையில் எல்லாம் சரியாக இருந்தும் பேச்சு போனிலேயே கேட்டால், புளூடூத் பக்கத்தில் காருக்கான "அழைப்பு" அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். ஒயர்லெஸ் இணைப்பு, புளூடூத்தில் கைகுலுக்கிவிட்டு வைஃபைக்கு மாறுவது; போனில் ஹாட்ஸ்பாட் ஆன் ஆகியிருந்தால் சில போன்களில் இது தடைபடும். டேஷ்போர்டு வெயிலில் போனை வைக்காதீர்கள். சூடேறினால் போன் முதலில் சார்ஜை நிறுத்தும், பிறகு இணைப்பையும் விட்டுவிடும்.

வீட்டில் இருவர் போனும் சேர்த்திருக்கும் காரில், முதலில் பிடித்த போனே ராஜா. புளூடூத் பட்டியலில் முன்னுரிமை கொடுக்கும் வசதி இருந்தால், அதிகம் ஓட்டுபவரின் போனுக்குக் கொடுங்கள்.

எப்போது அமுக்கக் கூடாது

கை ஸ்டியரிங்கில் இருந்தாலும் மனம் பேச்சில் இருக்கும். அமெரிக்காவின் ஏஏஏ என்ற வாகன ஓட்டிகள் சங்கத்தின் சாலைப் பாதுகாப்பு அறக்கட்டளை 2015இல் வெளியிட்ட ஆய்வில், சில கார்களில் குரல் கட்டளை கொடுத்து முடித்த பிறகும் கவனம் முழுதாகத் திரும்ப 27 விநாடி வரை ஆனது. 60 கிலோமீட்டர் வேகத்தில் அது 450 மீட்டர். ஒரு பள்ளிக்கூட வாசலையும் இரண்டு பேருந்து நிறுத்தங்களையும் கடந்துவிடலாம். ஆகவே குறுகிய செய்திக்கு மட்டும் பயன்படுத்துங்கள்: "பத்து நிமிடத்தில் வருகிறேன்", "கேட்டைத் திறந்து வை". சந்திப்பில், யூ டர்னில், மழையில், லாரியை முந்தும்போது வேண்டாம். சண்டை, கணக்கு வழக்கு, துக்கச் செய்தி என்று தெரிந்தால் "நிறுத்திவிட்டுக் கூப்பிடுகிறேன்" என்று சொல்லி வையுங்கள். ஐபோனில் அறிவிப்புகளை அடக்கிவைக்கும் டிரைவிங் ஃபோகஸைக் காரோடு இணைந்ததும் தானாக ஆன் ஆகும்படி வைக்கலாம். மெசேஜ் அனுப்புபவர்களுக்கு நீங்கள் ஓட்டிக்கொண்டிருப்பதாகத் தானே பதில் போகும்படியும் வைக்கலாம்.

காரை விற்கும்போது

உங்கள் காரின் நினைவகத்தில் உங்கள் உறவினர் அனைவரின் எண்களும், யாரோடு பேசினீர்கள் என்ற பட்டியலும் இருக்கின்றன. விற்கும் முன் காரின் செட்டிங்ஸில் "ஃபேக்டரி ரீசெட்" கொடுத்து, பிறகு போன் பட்டியலைத் திறந்து காலியாக இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். வாடகைக் காரில் இணைத்திருந்தால், சாவியைக் கொடுக்கும் முன் உங்கள் போனின் பெயரை அழித்துவிடுங்கள். போன் பக்கமும் காரின் பெயரை ஃபர்கெட் செய்யுங்கள். ஆண்ட்ராய்டு ஆட்டோவின் செட்டிங்ஸில் முன்பு இணைத்த கார்கள் என்ற பட்டியல் தனியாக இருக்கிறது, அதிலிருந்தும் நீக்குங்கள்.